சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பூசவும்

மன்னாரில் ஆளை ஆள் சுகம் விசாரிக்கும் முறை ஒன்று உண்டு. "என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப்போனாய்?" காய்ச்சலில் கிடந்து எழும்பினவளுக்கும் இதுதான் கேள்வி. கம்பஸ் லீவில் வீட்டுக்கு வந்தவளுக்கும் இதுதான். பேசாலையில் கருவாடு போடும் அக்கா விடியப்புறம் வாடிக்குப் போய், மீனைப் பிளந்து உப்பிட்டு, வெயில் சரியும்வரை காயவைத்துப் புரட்டிவிட்டு வருகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவருமில்லை. கறுத்துப்போனாயே என்று கேட்கத் தெருவே நிற்கிறது. கேட்பவரும் கறுப்பு, அவரைப் பெற்றவளும் கறுப்பு, அவருடைய பூட்டன் சிலாவத்துறையில் முத்துக் குளித்தவரென்றால் அவர் இன்னும் கறுப்பு. ஆனாலும் நேற்று நோர்வேயில் பிறந்து இன்று தலைமன்னார் இறங்குதுறையில் கால்வைத்தவர்போல ஒரு வியப்பு அந்தக் கேள்வியில் இருக்கும்.

பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகை தூரத்தில் இருக்கிற தீவு இது. மழை குறைந்த உலர்வலயம். சுற்றிவரக் கடல். வானத்திலிருந்து ஒரு தடவை சுட்ட வெயில், மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறித்து நாடிக்குக் கீழே மறுபடி சுடும். வைகாசியில் கிளம்பிய சோளகம் புரட்டாதிவரை உப்பை அள்ளி முகத்தில் வீசும். இந்த இடத்தில் நாலு தலைமுறை வாழ்ந்தும் ஒரு உடம்பு கறுக்கவில்லை என்றால் அதைத்தான் டொக்டரிடம் காட்டவேண்டும். நாங்களோ கறுத்த உடம்பைக் காட்டிக்கொண்டு திரிகிறோம். டொக்டரிடம்கூட அல்ல, ஃபான்சிக் கடைக்காரனிடம்.

கறுப்பு ஒரு வேலை செய்கிறது. தோலின் மேற்படையில் மெலனின் என்ற நிறமி குடைபிடித்து நிற்கிறது. புறஊதாக் கதிர் உள்ளே போய்க் கலத்தின் கருவைக் கிழிக்காமல் தடுக்கிறது. 1979இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஆழ்ந்த கறுப்புத் தோலின் மேற்படைக்கு இயல்பிலேயே ஏறக்குறைய 13 எஸ்.பி.எஃப். அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. வெள்ளைத் தோலுக்கு 3 சொச்சம். அதாவது பாட்டனும் பூட்டனும் தோணியையும் வலையையும் கடனையும் விட்டு, கூடவே ஒரு குடையையும் விட்டுப்போனார்கள். அந்தக் குடையைக் காசு கொடுத்துச் சுரண்டி எறிந்துவிட்டு, இன்னொரு கடையில் காசு கொடுத்து 50 என்று எழுதிய டியூபை வாங்குகிற வியாபாரத்துக்குத்தான் எங்கள் ஊரில் அழகுக்கலை என்று பெயர்.

இந்த வியாபாரத்தின் மொத்தக் கொள்முதல் கல்யாணப் பேச்சில் நடக்கிறது. தரகர் பேசும் பாஷையில் கறுப்பு என்ற சொல்லே கிடையாது. சிவலை, நல்ல நிறம், மாநிறம், பொது நிறம் என்று படி இறங்கும். அதற்கும் கீழே போனால் "களையான பிள்ளை, குணம் தங்கம்" என்பார். நிறத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். குணத்தைத் தரகர் புகழத் தொடங்கிவிட்டார் என்றால் பெண்ணின் அப்பா காணி உறுதியைத் தேடத் தொடங்கலாம். நிறம் ஒரு படி இறங்கச் சீதனம் ஒரு படி ஏறும். இந்துக்களுக்குச் சாதகம் பொருந்தவேண்டும். கத்தோலிக்கருக்குச் சாதகம் பார்க்கும் தொல்லை இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தக் கட்டத்தையும் நிறம் வந்து நிரப்பிவிட்டது. முஸ்லிம் வீட்டில் வேறு மாதிரி இருக்கும் என்று நம்பி விசாரித்தேன். இந்த ஒரு விஷயத்தில் மன்னாரில் இன நல்லிணக்கம் முழுமையாக நிலவுகிறது என்பதை ஆணைக்குழுக்களுக்கு அறியத் தருகிறேன்.

மாப்பிள்ளைக்கு இந்த அளவுகோல் இல்லை. அவர் தோணியின் அடிப்பலகை நிறத்தில் இருந்தாலும் "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன நிறம்" என்று சபை சிரிக்கும்.

ஆகவே கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது டப்பா வீட்டுக்குள் வருகிறது. சின்ன வட்ட டப்பா. மூடியில் ஒரு வெள்ளைக்காரி, அல்லது வெள்ளைக்காரியாக்கப்பட்ட எங்கள் ஆசியாக்காரி. செய்த இடம் பாகிஸ்தான் என்றிருக்கும், தாய்லாந்து என்றிருக்கும், சிலவற்றில் எந்த நாடுமே இருக்காது. இன்னும் விசேஷமானது பார்லரிலேயே கலந்து, மூடியில் ஒன்றுமே எழுதாத பிளாஸ்ரிக் குப்பியில் தருகிற 'மிக்ஸ் கிறீம்'. கோழிக்குத் தீவனம் வாங்கினால்கூடச் சாக்கில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருக்கும். மணப்பெண்ணின் முகத்துக்கு அது தேவைப்படவில்லை.

எழுத்து இருக்கிற டப்பாவின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தால் சிலவற்றில் ஓர் அறிவித்தல் கிடைக்கும்: தங்கம், வெள்ளி, அலுமினியம், நகை எதிலும் படவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்த வாசகத்தைப் பாதரசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சொல்லிவைத்திருக்கிறது. ஏன் படக்கூடாது என்று எந்தத் தட்டாரிடமும் கேளுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டினால் இரண்டும் கலந்து நகை வெளிறிப்போகும். கிறீம் செய்தவன் இரக்கமுள்ளவன். சீதன நகை கெட்டுவிடக்கூடாது என்று யோசித்து எழுதிவைத்திருக்கிறான். சங்கிலிக்கு எச்சரிக்கை உண்டு, சங்கிலி கிடக்கிற கழுத்துக்கு இல்லை. அம்மாவும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள். சங்கிலியைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளையின் கழுத்தில் அள்ளிப் பூசுகிறாள்.

பாதரசம் என்ன செய்கிறது? மெலனினை உண்டாக்கும் நொதியம் வேலை செய்வதற்கு அதற்குள் செம்பு வேண்டும். பாதரசம் போய் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறமித் தொழிற்சாலை நின்றுவிடும். முகம் சில கிழமைகளில் வெளிறும். பார்த்தவர்கள் "ஆள் நல்லா வந்திட்டாள்" என்பார்கள். பாதரசத்துக்கு முகத்தோடு நிற்கும் பழக்கம் இல்லை. தோலைக் கடந்து இரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தில் போய்க் குடியிருக்கும். தலையணையிலும் துவாயிலும் ஒட்டும். ஆவியாகி அறைக்குள் நிற்கும். பூசாத தம்பியும், அவள் மடியில் கிடக்கிற அக்காவின் கைக்குழந்தையும் அதைச் சுவாசிக்கும். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று தீவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மீன் தின்கிற ஆட்கள்.

இது வெறும் பூச்சாண்டி என்று நினைப்பவர்களுக்குக் கடலுக்கு அப்பால் ஓர் ஊர் இருக்கிறது. கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல். 2021 யூலைக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில் அங்குள்ள ஒரு மருத்துவமனையில் சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப்போகும் நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேரிடம் வழமைக்கு மாறான ஒரே வகை அடையாளப் புரதம் இருந்தது. டொக்டர்மார் தோண்டித் துருவிக் கேட்டார்கள். அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பூசியவர்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, உடம்பின் புரதமெல்லாம் மூத்திரத்தில் போன பிறகுதான் டப்பா மேசைக்கு வந்தது. சிறுநீரகக்காரர்களின் உலகச் சஞ்சிகையில் இது வெளியாகிவிட்டது. எங்கள் ஊரில் கால் வீங்கினால் உப்புக் கூடிவிட்டது என்பார்கள், கருவாட்டைக் குறை என்பார்கள். டப்பாவைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

சரி, இந்த நாட்டில் சட்டம் இல்லையா? உண்டு, உண்டு. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பின் முதற் சொல்லே அழகுசாதனம். அதற்குப் பிறகுதான் சாதனங்களும் மருந்துகளும் வரும். 2015இல் அதை எடுத்துவிட்டு 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிலிருந்து அழகுசாதனம் கழன்று விழுந்துவிட்டது. அழகிய பாராளுமன்றத்துக்கு அழகுசாதனம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனத்துக்கு 2020ஓடு முடிவு கட்டியது. 2023இல் அந்த ஒரு பங்கு விலக்கையும் எடுத்துவிட்டது. ஜெனீவாவில் நாங்கள் மிக நல்ல பிள்ளைகள். கொழும்பிலுள்ள சுற்றாடல் நீதிக்கான மையம் கடைகளில் கிறீம் வாங்கிப் பரிசோதித்து, பாதரசம் இருக்கிறது இருக்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. டப்பாவும் விற்றுக்கொண்டே இருக்கிறது.

அரசாங்கத்துக்குக் கரையைக் காவல் காக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். விலை தலைக்கு மேலே போனது. இராமேஸ்வரம் பக்கமிருந்து மஞ்சள் மூட்டைகள் கள்ளத்தோணியில் கடல் தாண்ட, கடற்படை மன்னார்க் கரையில் மூட்டை மூட்டையாக மறித்துப் பிடித்தது. அடுக்கிவைத்துப் படமும் எடுத்தது. ஆயிரம் வருடமாக எங்கள் பெண்கள் முகத்தில் பூசிய பொருளைக் கொண்டுவருவது சட்டவிரோதமாயிற்று. முகத்தைத் தின்கிற பொருள் ஃபான்சிக் கடைக் கண்ணாடி அலுமாரியில், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில்.

பாதரசம் இல்லாத டப்பா என்றால் நிம்மதி என்று நினைக்கவேண்டாம். அதற்கு ஸ்டீரொயிட் என்றொரு தம்பி இருக்கிறான். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல். எக்ஸிமாவும் சொரியாசிசும் முற்றியவர்களுக்கு டொக்டர் நாள் எண்ணி எழுதிக்கொடுக்கும் மருந்துகள் இவை. நல்ல மருந்துகள்தான், இடம் மாறி முகத்துக்கு வந்ததுதான் வினை. முதல் இரண்டு கிழமை முகம் பளிங்கு. பிறகு தோல் மெலியும், கன்னத்தில் செந்நூல்போல இரத்தக் குழாய்கள் தெரியும், பரு பொங்கும், மயிர் முளைக்கும். பயந்து நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும்; எரிகிறதே என்று மறுபடி பூசினால் அடங்கும். இந்த அடங்கலைத்தான் பார்லர் அக்கா "பாத்தியா, கிறீம் வேலை செய்யுது" என்கிறாள். கசிப்பும் இப்படித்தான் வேலை செய்யும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த முகத்துக்கு 'ஸ்டீரொயிட் சிதைத்த முகம்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 2018இல் இந்திய அரசு பதினான்கு ஸ்டீரொயிட் பூச்சுகளை டொக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. ஹைட்ரோகுயினோனும் இதே குடும்பத்தோடு சுற்றுகிற ஆள்தான். டொக்டரின் கண்ணுக்கு முன்னால் சில மாதம் மங்குக்குப் பூசலாம். வருடக்கணக்கில் தானாகப் பூசினால் தோல் நீலம் பாரித்த கறுப்பாக மாறும். அந்தக் கறுப்பு எந்தக் கிறீமுக்கும் அசையாது. கறுப்பை விரட்டப்போய் நிரந்தரக் கறுப்போடு வீடு திரும்பிய கதை இது.

இன்னும் வசதியானவர்கள் குளூட்டதயோன் ஊசிக்குப் போகிறார்கள். தோலை வெளுக்கவைக்க அந்த ஊசியை எந்த நம்பகமான மருந்து அதிகாரசபையும் அங்கீகரித்ததில்லை. பிலிப்பைன்ஸ் 2011இலேயே தன் மக்களை எச்சரித்தது. எங்களுக்கு இன்னும் கப்பல் வந்து சேரவில்லைபோலும்.

வரலாற்றில் சில வருடங்கள் வேண்டுமென்றே நையாண்டி செய்யும். 1975இல் இந்தியாவில் 'ஃபெயர் அன்ட் லவ்லி' கடைக்கு வந்தது. அதே 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தோமஸ் ஃபிட்ஸ்பற்றிக், வெயிலுக்குத் தோல் எப்படிக் கருகும், எப்படிக் கறுக்கும் என்று பார்த்து வகை பிரித்தார். முதலில் அவர் வகுத்தது நாலு வகை, நாலும் வெள்ளைத் தோல். எங்களுடைய ஐந்தையும் ஆறையும் பிற்பாடு சேர்த்தார்கள். மருத்துவத்துக்கு நாங்கள் ஞாபகம் வரப் பிந்தியது. வியாபாரத்துக்கு முதல் நாளே ஞாபகம் வந்துவிட்டது. 2020இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபிளொய்ட் கொல்லப்பட்டு உலகம் கொதித்தபோது அந்தக் கிறீமின் பெயரிலிருந்து 'ஃபெயர்' போய் 'குளோ' வந்தது. ஒரு கறுப்பு மனிதனின் கழுத்தில் ஒன்பது நிமிடம் முழங்கால் வைத்ததற்கு எங்களுக்குக் கிடைத்த நட்டஈடு ஒரு பெயர்மாற்றம்.

இப்போது பெண்பிள்ளைகள் கெட்டிக்காரிகள். 'ஃபெயர்னஸ்' என்று கேட்கமாட்டார்கள். 'என் ஸ்கின் ரைப்புக்கு எது சரி' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, இந்தக் கட்டுரையில் வருகிற ஒரே நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல டிக்டொக்கில் நிற்பவள் குளிரூட்டிய அறையில் நின்று பத்துப் படியில் கொரிய வைத்தியம் காட்டுகிறாள். சியோலில் பனிக்காலத்துக் காற்று தோலை உரிக்கும்; பத்துப் பூச்சு அங்கே கம்பளிக்குச் சமம். தாழ்வுபாட்டில் சித்திரை மாத மத்தியானம் அந்தப் பத்தையும் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். முகத்தில் ஒரு களப்பே உருவாகும். வங்காலைக்கு வருகிற பூநாரைகள் இடம் மாறி வந்து இறங்கும்.

உங்கள் தோல் எது என்று அறிய டிக்டொக் தேவையில்லை. முகத்தை மென்மையான சோப்பில் கழுவித் துடைத்து, ஒன்றும் பூசாமல் அரை மணித்தியாலம் சும்மா இருங்கள். இழுத்துப் பிடிக்கிறது, சிரித்தால் வெடிக்கும்போல இருக்கிறது என்றால் வரண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் கலப்பு. முகம் முழுக்க மினுங்கினால் எண்ணெய்த் தோல். இதற்கு அரைச் சதம் செலவில்லை. அதனால்தான் இதை யாரும் உங்களுக்கு விளம்பரம் செய்யவில்லை.

வரண்டதற்குக் கிளிசரினும் வஸ்லினும் போதும், குளித்த ஈரம் காயுமுன் பூசவேண்டும். உப்பும் ஐஸும் மீன்முள்ளும் கிழித்த கைகளோடு வாடியில் நிற்கிற பெண்ணுக்கு உலகத்தின் எந்த 'சீரமும்' அந்த மலிவு வஸ்லினைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. எண்ணெய் வடிகிற முகத்தில் பரு என்றால் சாலிசிலிக் அமிலமோ பென்சொயில் பெரொக்சைட்டோ. அந்த முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தேய்க்காதீர்கள், துவாரம் அடைக்கும். பரு விட்டுப்போன கரும்புள்ளிக்கு நியாசினமைட். நிறமியைச் செய்வதை அது நிறுத்தாது, மேலே ஏற்றிவிடுவதை மெதுவாகத் தடுக்கும், ஆகவே மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ரெட்டினோல் வகைகளைப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தொடக்கூடாது. தேசிக்காயை மட்டும் முகத்தில் பிழியவே வேண்டாம். அதன் சாறு பட்ட தோலில் எங்கள் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்துக் கரும்பட்டையாகும். தேசிக்காய் பாரம்பரியம் என்பார்கள். ஊறுகாய்க்குப் பாரம்பரியம். எதைப் பூசுவதானாலும் முதலில் முழங்கைக்கு உட்பக்கம் ஒரு சொட்டுப் பூசிச் சில நாள் பாருங்கள். புது ஆளை வீட்டுக்குள் எடுக்குமுன் திண்ணையில் இருத்திப் பேசுவதில்லையா?

ஒன்றை மட்டும் பகிடி விட்டுச் சொல்கிறேன். தோலில் வெளிறிய திட்டு வந்தால், அதில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், கிறீம் கடைக்குப் போகாதீர்கள். இலங்கையில் இன்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுதாக மாறும், பிந்தினால் விரல் போகும். வட்டம் வட்டமாகக் கடித்துப் பரவுகிற படர்தாமரைக்கு மிக்ஸ் கிறீம் பூசினால் கடி அடங்கும், பூஞ்சணம் உள்ளுக்குள் சந்தோசமாகப் பரவும். இந்த இரண்டு இடத்திலும் டப்பா விற்பவன் திருடன் மட்டுமல்ல.

சன்ஸ்கிறீன் கதைக்கு வருகிறேன், அங்கேதான் எங்கள் மணல் இருக்கிறது. 30 எஸ்.பி.எஃப். தோலைச் சுடவைக்கும் கதிரில் ஏறக்குறைய 97 வீதத்தை மறிக்கும். 50 மறிப்பது 98. அந்த ஒரு வீதத்துக்குத்தான் அவ்வளவு விலை. அதுவும் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசி, வியர்க்க வியர்க்கத் திருப்பிப் பூசினால். அப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் இரண்டு கிழமைக்கு மேல் தாங்காது. வாடியில் நாட்கூலிக்கு நிற்பவளுக்கு யார் வாங்கிக் கொடுப்பார்? அவளுக்கு அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாடிக்கு மேலே ஒரு கிடுகுக் கூரையும் போதும். அதைச் செய்துகொடுக்க முதலாளிக்கு மனம் வராது, அவரிடம் நிறம் பற்றிய கருத்து மட்டும் நிறைய இருக்கும்.

வெள்ளைச் சன்ஸ்கிறீனைப் பூசினால் எங்கள் முகம் சாம்பல் பூசிய பூசணிக்காய்போல ஆகிறதே, அது டைட்டானியம் டையொக்சைட். உலகத்தின் வெள்ளையெல்லாம் பெரும்பாலும் அதுதான்: பெயின்ற், பிளாஸ்ரிக், கடதாசி, பற்பசை, கடைசியில் ஒரு சிட்டிகை முகப்பூச்சு. அது எதிலிருந்து வருகிறது? இல்மனைற்று என்ற கனியத்திலிருந்து. இல்மனைற்று என்ன நிறம்? கறுப்பு. கன்னங்கரேலென்ற மணல். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் 1957இல் அரசு கூட்டுத்தாபனம் அமைத்ததற்குப் பிறகு அந்தக் கறுப்பு மணலை அள்ளி மணலாகவே கப்பலில் ஏற்றுகிறோம். இரும்பும் டைட்டானியமும் பிணைந்த மணல் அது. வெளிநாட்டு ஆலையில் கந்தக அமிலத்தில் கரைத்தோ குளோரின் பாய்ச்சியோ இரும்பைக் கழித்துவிட்டு வெள்ளையை எடுக்கிறார்கள். பிறகு அந்த வெள்ளை கிலோவில் அல்ல, கிராமில், டியூபில், விளம்பர நடிகையோடு திரும்பி வருகிறது. கறுப்பு மணலை விற்று வெள்ளைத் தூளை வாங்கிக் கறுப்பு முகத்தில் பூசுகிற ஒரே பொருளாதாரக் கொள்கைதான் எந்த அரசாங்கம் மாறினாலும் மாறாமல் இருக்கிறது.

இப்போது மன்னார்த் தீவின் மணலிலும் அதே இல்மனைற்று இருக்கிறதென்று, அவுஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பதிவான கம்பனி ஒன்று தீவெங்கும் துளைபோட்டுப் பார்த்திருக்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற தீவு இது. மணலை அள்ளினால் கிணற்று நன்னீருக்கு அடியில் காத்திருக்கிற உப்பு மேலே வரும் என்று சனம் பயப்படுகிறது. 2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் ஆணும் பெண்ணும் பிள்ளையும் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். வெயிலில்தான் இருந்தார்கள். கறுத்துப்போனார்கள். அந்த நாட்களில் கறுத்த முகங்களைப் பார்த்து யாராவது "என்ன பிள்ளை, இப்பிடி" என்று கேட்டிருந்தால் அன்றைக்கு மட்டும் சரியான பதில் கிடைத்திருக்கும்.

இதற்குள் ஒரு பகிடி இருக்கிறது, கடவுளோ வேதியியலோ செய்தது. எங்கள் பெண்களின் கன்னத்தில் வருகிற மங்கு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் கருத்தடை மாத்திரையாலும் வருகிறதே, அது புறஊதாவால் மட்டும் கறுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே எங்கள் தோலில் அதைக் கறுக்கவைக்கும். அந்த வெளிச்சத்தை வெறும் வெள்ளைச் சன்ஸ்கிறீன் நன்றாக மறிப்பதில்லை. மறிப்பது மண்ணிறம் கலந்த சன்ஸ்கிறீனில் இருக்கிற இரும்பு ஒக்சைட். ஆம், இரும்பு. கறுப்பு மணலிலிருந்து கழித்துக் கொட்டினார்களே, அதே இரும்பு. அந்தக் கழிவிலிருந்தே இரும்பு ஒக்சைட் நிறமி செய்யும் ஆலைகளும் உண்டு. எங்கள் மணலில் எங்கள் மங்குக்கு உதவுகிறதை அழுக்கென்று கழித்துவிட்டு, உதவாததை எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். வாங்குவதென்றால் மண்ணிறம் கலந்ததை, உங்கள் நிறத்துக்குக் கிட்டியதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரன் "அது கறுப்பாக் காட்டும் அக்கா" என்பான். காட்டட்டும்.

இந்தக் கரையிலிருந்து வெளிநாட்டான் அள்ளிப்போனது மணல் மட்டுமல்ல. 1905இல் மன்னார் வளைகுடாவில் சிப்பி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடுத்த ஆண்டே முத்துப் பார்கள் லண்டன் கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்குப் போயின. ஓரிரு பருவத்தில் பார் வெறுமையானது. மூச்சடக்கி மூழ்கியவன் கறுப்பன். முத்தைக் கழுத்தில் போட்டவள் வெள்ளைக்காரி. இன்று ஃபான்சிக் கடையில் 'பேர்ள்' என்று எழுதிய கிறீம் விற்கிறார்கள். பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அடுத்து எது என்றும் யோசிக்கிறேன். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சாதிக்காரன் ஆபிரிக்காவில் எண்ணெயாகிச் சின்னப் போத்தலில் பெரிய விலைக்குப் போகிறான். கிளியோபாட்ரா கழுதைப்பாலில் குளித்தாள் என்ற கதையை வைத்து உலகத்தில் சோப்புச் செய்கிறார்கள். மன்னார்ப் பட்டினத்து வீதிகளில் அந்தக் கழுதைகள் பாவம், ஒன்றும் அறியாமல் பிளாஸ்ரிக் பை தின்றுகொண்டு நிற்கின்றன. யாரும் அவற்றுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றிரவே அவளுடைய டப்பாவை எடுத்துப் பின்பக்கத்தை வாசியுங்கள். செய்தவன் பெயர், இறக்குமதி செய்தவன் பெயர், காலாவதித் திகதி, சில்லறை விலை, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், அல்லது நகையில் படவிடாதே என்று எழுதியிருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கடையின் பெயரைச் சொல்லுங்கள். டப்பாவைக் கடலுக்குள் எறியாதீர்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், பிள்ளையின் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.